பன்னிரண்டாவது கடல் மைல்

கயிறு கட்டியிருந்தார்கள். சாதாரணக் கயிறு இல்லை. சினிமா விழாக்களில் சிவப்புக் கம்பளத்தின் ஓரத்தில் கட்டுவார்களே, அந்த மாதிரி வழவழவென்று ஒரு கயிறு. அதற்கு அந்தப் பக்கம் விளக்குகள் எரிகின்றன. பச்சைத் துணி விரித்த மேஜைகள் தயார். கோட்டும் சூட்டுமாக இரண்டு பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள் ஒரு பதினைந்து இருபது பேர், கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு நிற்கிற மாதிரி.

"எப்ப சார் தொறப்பாங்க?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். சவுகார்பேட்டையில் எவர்சில்வர் மொத்த வியாபாரம் செய்கிறவர். விவரமான மனுஷர்.

"கோடு தாண்டணும் சார். இன்னும் நம்ம போலீஸ் ஏரியாலதான் இருக்கோம்!"

எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே ராயபுரம். துறைமுகத்தின் கிரேன் விளக்குகள். அதற்கு வடக்கே காசிமேட்டுப் படகுகள். இன்னும் வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் என்று கரை முழுக்க மஞ்சள் புள்ளிகள். நான் பிறந்து வளர்ந்த பூமி. அங்கே இருந்துகொண்டு நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து சீட்டைக் கையில் எடுத்தால் போலீஸ் ஜீப் வரும். இங்கே கோட்டுப் போட்ட பையன் சீட்டைக் கலைத்துக் கொடுப்பான். நடுவில் இருப்பது கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீரின் கதைதான் இந்த வாரம்.

கப்பலின் பெயர் எம்ப்ரஸ். கார்டீலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பல். 2022 ஜூன் 4ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்துக் கிளப்பி வைத்தாரே, அதேதான். அந்த சீசனில் ஒரு சனி ஞாயிறு, பத்திரிகை வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு இரண்டு ராத்திரி அதில் தங்கினேன். சுமார் 800 அறைகள். சாப்பாட்டுக் கூடம், நீச்சல் குளம், நாடக அரங்கு எல்லாம் உண்டு. நகர்கிறது என்பதை மறந்துவிட்டால் அது ஒரு ஹோட்டல். கேசினோ வைத்த ஹோட்டல்.

மெட்ராஸ்காரனுக்கு கேசினோ என்றால் மவுண்ட் ரோடு பக்கத்தில் இருக்கிற தியேட்டர்தான். இங்கிலீஷ் படம் பார்க்கப் போவோம். அந்த வார்த்தைக்கு இத்தாலியில் 'சின்ன வீடு' என்று அர்த்தம் (சத்தியமாக! அகராதியைப் பாருங்கள்). தமிழில் இதற்கு வார்த்தையே இல்லை என்று நினைக்காதீர்கள். வள்ளுவர் 'சூது' என்று ஒரு முழு அதிகாரமே, 94ஆவது, எழுதி வைத்திருக்கிறார். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில்! அதில் சூதாடும் இடத்துக்கு அவர் போட்டிருக்கிற சொல் என்ன தெரியுமா? 'கழகம்.' நான் ஒன்றும் சொல்லவில்லை. வள்ளுவர் சொன்னது.

சரி, கப்பலுக்கு வருவோம்.

புதுசு மாதிரி பளபளத்தாலும் எம்ப்ரஸுக்கு வயசு முப்பது தாண்டிவிட்டது. 1990இல் பிரான்சின் செயின்ட் நாசேர் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்தது. அப்போது பெயர் நார்டிக் எம்ப்ரஸ். ராயல் கரீபியன் கம்பெனிக்காக மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூணு நாள், நாலு நாள் ட்ரிப் அடித்தது. 2004இல் எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ். 2008இல் ஸ்பெயின் கம்பெனியிடம் போய் வெறும் எம்ப்ரஸ். 2016இல் பழைய முதலாளியிடமே திரும்பி வந்து மறுபடியும் பழைய பெயர். கொரோனாவில் உலகத்தின் உல்லாசக் கப்பல்கள் எல்லாம் முடங்கிக் கிடந்தபோது, 2020 கடைசியில் விலைக்கு வந்து, நம்ம பக்கம் கரை சேர்ந்தது.

இதில் எனக்குப் பிடித்த அத்தியாயம் 2017. அந்த வருஷம் இந்தக் கப்பல் கியூபாவின் ஹவானா துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தது. ஹவானா என்றால் சும்மா இல்லை. ஒரு காலத்தில் அமெரிக்கப் பணக்காரர்களின் சூதாட்டத் திண்ணையே அதுதான். மேயர் லான்ஸ்கி என்கிற மாஃபியா கணக்குப்பிள்ளை 1957 டிசம்பரில் அங்கே கடற்கரையில் ரிவியேரா என்று ஒரு கேசினோ ஹோட்டலைக் கட்டித் திறந்தார். இருபதுக்கு மேல் மாடி. முழுக்க ஏ.சி. போட்ட முதலை எடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று மனுஷர் நிச்சயம் கணக்குப் போட்டிருப்பார். ஆனால் 13 மாதத்தில், 1959 புத்தாண்டு அன்று, ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றுவிட்டது. கிராமத்து ஜனங்கள் பன்றிகளை ஓட்டிக்கொண்டு வந்து ரிவியேராவின் கூடத்தில் விட்டார்கள் என்று சொல்வார்கள். கேசினோக்கள் எல்லாம் மூடப்பட்டன. ஹோட்டல் மட்டும் நின்றது.

அந்த ஹவானாவில்தான், வயிற்றுக்குள் ஒரு கேசினோவை வைத்துக்கொண்டு, இந்த எம்ப்ரஸ் போய் நின்றது! கப்பல் கரையில் நிற்கும்போது கேசினோவுக்குப் பூட்டு. நடுக்கடலுக்குப் போனதும் திறப்பு. உலகம் முழுக்க உல்லாசக் கப்பல்களில் இதுதான் பழக்கம். ஹவானாவில் பூட்டிய கதவைத்தான் ராயபுரத்திலும் பூட்டினார்கள்.

ராயபுரத்துக்காரர்களுக்கு பிரெஞ்சுக் கப்பல் ஒன்றும் புதிசு இல்லை. எம்.வி.சிதம்பரம் ஞாபகம் இருக்கிறதா? அதுவும் பிரான்சில் கட்டியதுதான். 'பாஸ்தூர்' என்ற பெயரில் 1960களில் பிறந்து, 70களில் இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறி வந்தது. (இது வேற கழகம்!) சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதற்கு முன்னால் அதே பாதையில் 1926இல் கட்டிய ரஜூலா. இரண்டு கப்பல்களிலும் போனவர்கள் சீட்டாடப் போகவில்லை. தகரப் பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக, மலாயாவில் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று போனார்கள். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் சிதம்பரம் தீப்பிடித்தது. பலர் செத்துப்போனார்கள். அதோடு சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலில் போகிற காலமும் முடிந்தது. எங்கள் தெருவில் அந்தக் கப்பலில் போனவர்கள் வீடு மூன்று இருந்தது. அந்த வீடுகளில்தான் முதலில் டேப் ரெக்கார்டர் பாடியது.

இப்போது அந்தக் கோடு.

ஒரு நாட்டின் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் கடல். கிலோமீட்டரில் சொன்னால் 22க்குக் கொஞ்சம் மேலே. ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போகிற தூரத்தைவிட அதிகம், அதையே கிழக்குப் பார்த்துப் போனால். அதுவரைக்கும் கரையின் சட்டம். கடலுக்குள் கோடும் கிடையாது, செக்போஸ்ட்டும் கிடையாது. கேப்டனின் கருவியில் ஓர் எண் மாறுகிறது. பட்டுக் கயிறு அவிழ்கிறது.

இந்த எண்ணை வைத்து விளையாடியதில் ஒரு கில்லாடி உண்டு. பெயர் டோனி கார்னரோ. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் கள்ளச் சரக்குக் கடத்தி ஜெயிலுக்குப் போய் வந்தவர். கலிஃபோர்னியாவில் கேசினோ கூடாது என்று சட்டம். அப்போது அங்கே கரையின் எல்லை மூணு மைல். கார்னரோ என்ன செய்தார்? 1887இல் ஸ்காட்லாந்தில் கட்டிய ஒரு பழைய பாய்மரக் கப்பலை வாங்கி, பாய்மரத்தைக் கழற்றி, உள்ளே மேஜை போட்டு, 'ரெக்ஸ்' என்று பெயர் வைத்து, 1938இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் மூணு மைலுக்குச் சற்று வெளியே நங்கூரம் போட்டுவிட்டார். கரையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வாட்டர் டாக்ஸி. பேப்பரில் முழுப்பக்க விளம்பரம். ராப்பகலாக ஆட்டம்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் அரசாங்கம் படகுகளில் போலீசை அனுப்பியது. கார்னரோ தீயணைக்கும் குழாயைத் திருப்பிவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து அவர்களைத் துரத்தினார்! பல நாள் இழுபறி. கடைசியில் கோர்ட்தான் முடித்து வைத்தது. எப்படி? 'இது திறந்த கடல் இல்லை, வளைகுடா. ஆகவே இங்கிருந்து அளக்கக்கூடாது, அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு நேர்க்கோடு போட்டு அதிலிருந்து அளக்க வேண்டும்' என்று தீர்ப்பு. கப்பல் நகரவில்லை. கோடு நகர்ந்துவிட்டது. ரெக்ஸுக்கு மறுபடியும் பாய்மரம் கட்டிச் சரக்கு ஏற்ற விட்டார்கள். 1942இல் ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. கார்னரோ, 1931 முதலே சூதாட்டத்துக்கு லைசென்ஸ் தந்த நெவாடாவுக்குப் போய், லாஸ் வேகாஸில் பெரிய ஹோட்டல் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். அது திறக்கும் முன்பே, 1955இல், இன்னொருத்தர் ஹோட்டலில் பகடை உருட்டிக்கொண்டிருந்தபோது மேஜையிலேயே சாய்ந்து செத்துப்போனார்.

கார்னரோவின் மூணு மைல் கதையைப் படித்தபோது எனக்கு என் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. அவருக்கு வெளியே போக ஒரு மைல்கூடக் கிடைக்கவில்லை.

பெரியப்பா ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுவது வேலை. நாலு கோடு கீறி, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போடுவார். வாழ்நாளில் எத்தனை லட்சம் மூட்டை எண்ணியிருப்பாரோ! நான் தியாகராயா காலேஜில் பி.காம் சேர்ந்தபோது, "டேய் தம்பி, இன்னா பெரிய அக்கவுண்ட்ஸ்? வந்தது எவ்ளோ, போனது எவ்ளோ. அவ்ளோதான்டா!" என்றார். மூணு வருஷ சிலபஸை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவருக்கு சனிக்கிழமை ராத்திரி மங்காத்தா. காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால். உள்ளே, வெளியே என்று இரண்டு பக்கம் சீட்டுப் போடுகிற ஆட்டம். உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி படிக்கிறீர்கள். ஒரு ராத்திரி போலீஸ் சுற்றி வளைத்தது. விடியற்காலையில் பெரியம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்து, அபராதம் கட்டி, மீட்டுக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் தெருவில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரே துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அத்தனை சின்ன ஆட்டத்துக்கு அவ்வளவு பெரிய தலைகுனிவு.

இதே உள்ளே வெளியேதான் 'அந்தர் பாஹர்' என்ற பெயரில் கோவா கேசினோக்களில் ஏ.சி. மேஜையில் நடக்கிறது. பெயர் மாறினால் செக்ஷனும் மாறும்.

பெரியப்பாவைப் பிடித்தது 1888ஆம் வருஷச் சட்டம். சென்னை நகரக் காவல் சட்டம். 'பொது சூதாட்ட விடுதி' என்றால் என்ன என்று வெள்ளைக்காரன் அதில் எழுதி வைத்தான். அது நகரத்துக்கு மட்டும். திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் அந்தக் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம். அந்தப் பக்கத்துக்கு 1930இல் தனியாக ஒரு சூதாட்டச் சட்டம். ஆக, சுங்கச்சாவடி தாண்டி வடக்கே போனாலும் தப்பிக்க வழியில்லை. (அதே எண்ணூருக்குத்தான் கும்பினிக் காலத்து துரைமார்கள் வாரக் கடைசியில் ஓய்வெடுக்கப் போவார்கள். ஏரி, படகு, மீன் சாப்பாடு. அங்கே அவர்கள் சீட்டைத் தொடாமலா இருந்திருப்பார்கள்?)

இதில் ஒரு வேடிக்கை. பந்தயம் கட்டினால் சூது என்று சொன்ன சட்டம், குதிரைக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருந்தது. பந்தய நாளில், மைதானத்துக்குள் கட்டினால் அது சூது இல்லை. அதே குதிரை மேல் ராயபுரத்து டீக்கடையில் கட்டினால் சூது! 1974இல் கலைஞர் அரசு அந்த விதிவிலக்கை எடுத்துக் குதிரைப் பந்தயத்தையும் தடை செய்தது. வழக்கு இருபது வருஷம் ஓடி, 1996இல் சுப்ரீம் கோர்ட், 'குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டம் இல்லை, திறமை' என்று சொல்லிவிட்டது. ரம்மிக்கு அந்த சர்டிஃபிகேட் 1967லேயே கிடைத்துவிட்டது. மங்காத்தாவுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவும் கிடைக்காது. அது நிஜமாகவே அதிர்ஷ்டம்தான்.

கிண்டி ரேஸ் மைதானம் பற்றி பி.காம்காரன் ஒரு வரி சொல்லாமல் போக முடியாது. 160 ஏக்கர். 1945இல் 99 வருஷக் குத்தகை. வருஷ வாடகை 614 ரூபாய் 13 காசு. மாசத்துக்கு இல்லை சார், வருஷத்துக்கு! பின்னாளில் ஏற்றிய வாடகையைக் கட்டவில்லை என்று 2024 செப்டம்பரில் அரசாங்கம் குத்தகையை ரத்து செய்தது. எங்கள் பெரியப்பா இருந்த ஒண்டுக்குடித்தனத்துக்கு 1990களிலேயே மாச வாடகை அதற்குமேல்.

மங்காத்தா போனதும் பெரியப்பா காட்டனுக்கு வந்தார். வடசென்னையில் காட்டன் என்றால் துணி இல்லை. நியூயார்க் பருத்திச் சந்தையின் திறப்பு விலை, முடிவு விலை தந்தியில் பம்பாய்க்கு வரும். அதன் கடைசி எண் என்ன என்று பந்தயம் கட்டுவதில் பம்பாயில் தொடங்கிய ஆட்டம். 1961இல் அந்த விலை வருவது நின்றுபோனது. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை! அமெரிக்கப் பருத்தியை ஆயுசில் பார்த்திராத ஜனங்கள், இல்லாத சந்தையின் எண்ணுக்குக் காசு கட்டினார்கள்.

அப்புறம் லாட்டரி. அதற்கு அபராதம் கிடையாது. ஏனென்றால் நடத்தியதே அரசாங்கம்! 1968இல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு பரிசுச் சீட்டு வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று வாசகம். இன்றைக்கும் விளம்பரக் கம்பெனிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். பிறகு பூட்டான், சிக்கிம், மிசோரம் என்று பக்கத்து ஊர் லாட்டரிகள் எல்லாம் தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தன. மாசக் குலுக்கல் வாரக் குலுக்கலாகி, வாரம் தினமாகி, கடைசியில் தினமும் பல தடவை. ஒற்றை நம்பர், சுரண்டல் என்று விதவிதமாக. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு ஒரே உத்தரவில் எல்லா லாட்டரியையும் தடை செய்தது. அன்றைக்கு எங்கள் பெரியம்மா சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். கட்சி வித்தியாசம் பார்க்கவில்லை.

கப்பலில் கயிறு அவிழ்ந்தது. உள்ளே போனோம்.

எவர்சில்வர்காரர் நேராகச் சீட்டு மேஜைக்குப் போய்விட்டார். நான் ரூலட் சக்கரத்துப் பக்கம் நின்றேன். எனக்கு சூதாட வராது. ஆனால் ஒரு வியாபாரம் எப்படி லாபம் பார்க்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராது. படிப்பு அப்படி.

ரூலட்டில் 1 முதல் 36 வரை எண்கள். ஒரு எண்ணில் நூறு ரூபாய் வைத்து அது விழுந்தால் 35 மடங்கு லாபம், வைத்த நூறும் திரும்பி வரும். ஆக 3,600. முப்பத்தாறு எண், முப்பத்தாறு நூறு. நியாயமான கணக்கு மாதிரி இருக்கிறதா? இருக்கும். ஆனால் சக்கரத்தில் 37ஆவதாக ஒரு குழி இருக்கிறது. பச்சை நிறத்தில் ஜீரோ. அந்த ஒற்றைக் குழிதான் முதலாளி. நீங்கள் வைக்கிற ஒவ்வொரு நூறிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு அவருக்கு. அமெரிக்காவில் இரட்டை ஜீரோ வைத்து அதை 5 ரூபாய் 26 காசு ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் க்யூ நிற்குமே, ஹார்பரின் ஜீரோ கேட்... அந்த ஜீரோவுக்கும் இந்த ஜீரோவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டையும் தாண்டாமல் எதுவும் வெளியே வராது.

இந்த ஒற்றை ஜீரோவை ஐரோப்பாவில் பிரபலமாக்கியவர் ஃபிரான்ஸ்வா பிளாங்க். 1863இல் மொனாக்கோ என்ற குட்டி நாட்டுக்குப் போய், மான்டி கார்லோ கேசினோவை எடுத்து நடத்தினார். அடுத்த வருஷமே பக்கத்தில் ஹோட்டல் டி பாரி. கேசினோவோடு ஹோட்டல் என்கிற யோசனைக்கு அதுதான் பெரிய தாத்தா. இன்றைக்கும் உலகக் கோடீஸ்வரர்கள் போய்த் தங்குகிற இடம். வந்தவன் உடனே திரும்பிப் போகக்கூடாது. அதற்குத்தான் கட்டில் மெத்தை. கேசினோ வருமானம் கொட்டியதில், 1869இல் மொனாக்கோ மன்னர் குடிமக்களுக்கு வருமான வரியையே எடுத்துவிட்டார்!

ஆனால் அதே மன்னர் பரம்பரை இன்னொரு விதியும் வைத்தது. மொனாக்கோ குடிமக்கள் மான்டி கார்லோவில் சூதாடக்கூடாது. இன்றுவரை கூடாது. வேலை பார்க்கலாம். விளையாடக் கூடாது.

நம்ம சிதம்பரம் கப்பல் போன சிங்கப்பூரைப் பாருங்கள். 2010இல் இரண்டு பிரம்மாண்ட கேசினோ ஹோட்டல்களைத் திறந்தார்கள். வெளிநாட்டுக்காரனுக்கு நுழைவு இலவசம். சிங்கப்பூர்க் குடிமகன் உள்ளே போக அன்றைக்கே 100 வெள்ளி கட்டணும். 2019இல் அதை 150 ஆக்கினார்கள். கோவா? 1992இல் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் இயந்திரங்களுக்கு அனுமதி. 1996இல் கப்பல்களில் மேஜைகளுக்கு அனுமதி. 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்கள் கேசினோவில் விளையாடத் தடை.

மூன்று அரசுகள். மூன்றுக்கும் அந்த 37ஆவது குழி என்ன செய்யும் என்று நன்றாகத் தெரியும். கடைக்குள் ஊரான் பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டு, தன் பிள்ளையை வாசலில் நிறுத்துகின்றன. இதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். என் பிள்ளையாக இருந்தால் நானும் நிறுத்துவேன். ஆனால் ஊரான் பிள்ளை?

2022 ஜூனில் தமிழ்நாட்டில் நடந்ததையும் பாருங்கள். நாலாம் தேதி கப்பலுக்குக் கொடி. அதே மாதம், ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டவர்களின் தற்கொலைகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்க, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு. இரண்டு வாரத்தில் அறிக்கை கேட்டார்கள், கொடுத்துவிட்டார். அதே மாதம், புதுச்சேரி வரை போன கப்பலை அங்கே கரையோரம் நெருங்க விடவில்லை. சூதாட்டம் இருக்கிற கப்பலுக்கு அனுமதி இல்லை என்று அங்கே கட்சி பேதமில்லாமல் எதிர்ப்பு. சாராயத்துக்குப் பேர் போன ஊர் சூதுக்குக் கதவைச் சாத்தியது! 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. அந்த நவம்பரில் ஹைகோர்ட், ரம்மியும் போக்கரும் திறமை என்று அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே, காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை என்று நாடு முழுக்கச் சட்டம் போட்டது. செல்போனுக்கு ஏது கடல் மைல்? பன்னிரண்டு மைல் கோட்டைச் சட்டைப் பையிலேயே தாண்டிவிடலாம் என்றதும்தான் எல்லா அரசுகளுக்கும் வியர்த்தது.

எம்ப்ரஸ் 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. நான் அதில் போகவில்லை. ஒரு தடவை போதும்.

அந்த ராத்திரி நான் ஆடியதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறைத்ததாக நினைப்பீர்கள். ஒரே ஒரு சில்லு. 23இல் வைத்தேன். பெரியப்பா குடியிருந்த வீட்டு நம்பர். பந்து சுற்றிச் சுற்றி வந்து 17இல் உட்கார்ந்தது. பையன் ஒரு மரக்கோலால் என் சில்லை நகர்த்தினான். துளி முகமாற்றம் இல்லை. டாலி கிளார்க் கோடு கீறுகிற மாதிரி.

மறுநாள் விடியற்காலை மேல்தளத்துக்குப் போனபோது எவர்சில்வர்காரர் தனியாக நின்றிருந்தார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "விட்டது பெரிசில்ல சார். ஒரு நேரத்துல ஜெயிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எந்திரிச்சிருக்கணும்." பெரியப்பாவும் இதே வாக்கியத்தைச் சொல்வார். அவர் சொன்னது தரையில் உட்கார்ந்து, பீடியோடு.

ஊர் திரும்பியதும் ஒரு வேலை செய்தேன். பெரியப்பா போனபிறகு அவர் டிரங்குப் பெட்டியில் கிடைத்த நாற்பது பக்க நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. லாட்டரிக் கணக்கு. மனுஷர் எட்டு வருஷம் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார். இடது பக்கம் போட்டது, வலது பக்கம் வந்தது. கூட்டல் மட்டும் போடவில்லை. எல்லாம் எண்ணத் தெரிந்தவர், அதை மட்டும் எண்ணாமல் விட்டிருந்தார். நான் கூட்டினேன். போட்டது 61,400 ரூபாய். வந்தது 18,250. போனது 43,150.

அதே 61,400ஐ ஒற்றை ஜீரோ சக்கரத்தில் சிறுகச் சிறுக வைத்திருந்தால், சராசரிக் கணக்கில் போயிருக்கக்கூடியது 1,660 ரூபாய்க்குள். இரண்டு தடவை சரிபார்த்தேன். மேஜையில் யாரும் ஜெயித்த காசை எடுத்துக்கொண்டு எழுந்து போவதில்லை, திருப்பித் திருப்பி வைப்பார்கள், ஆகவே நிஜத்தில் இன்னும் அதிகம் போகும் என்பதும் எனக்குத் தெரியும். எவர்சில்வர்காரரைப் பார்த்தேனே! ஆனாலும் ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வைத்துப் பார்த்தால், பளபளக்கிற மேஜை எடுப்பது 3 பைசாவுக்குக் குறைவு. நாடு நடத்திய, பிறகு நாடு முழுக்க நடந்த அந்தச் சீட்டு, எங்கள் பெரியப்பாவிடம் எடுத்தது 70 பைசா. சட்டப்படி, அபராதமில்லாமல், தண்டையார்பேட்டை மார்க்கெட்டில், பட்டப்பகலில்.

கப்பலை விட்டு இறங்கி ஹார்பர் வாசலுக்கு வெளியே ஆட்டோ பிடித்தபோது, டிரைவர் என் பையில் தொங்கிய கப்பல் சீட்டைப் பார்த்துவிட்டார். காசிமேட்டுப் பையன். முப்பது வயசு இருக்கும்.

"உள்ள ஆட்டமெல்லாம் உண்டாமே சார்?"

"உண்டுப்பா."

"ஏறுறதுக்கே எவ்ளோ சார் ஆவும்?"

சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். கல்மண்டபம் சிக்னலில் வண்டி நின்றபோது, செல்போனை எடுத்து எதையோ பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.